“வண்டியிலயா இருக்கீங்க? வச்சிடறேன்!”

வாசகர் கேள்விகளுக்கு ஓட்டுநர் பயிற்சி ஆசிரியை பதில் அளிக்கிறார்

போனைக் கையில் எடுப்பதே இல்லை, அக்கா. புளூடூத்தில்தான் பேசுகிறேன். கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். அப்புறம் என்ன ஆபத்து?
– ஒரு விற்பனைப் பிரதிநிதி

கையையும் கண்ணையும் கணக்கில் சேர்த்தீர்கள் தம்பி, கவனத்தை விட்டுவிட்டீர்கள். கனடாவில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களின் போன் பதிவுகளை ரெடல்மையர், திப்ஷிரானி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அலசி, 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். போன் பேசும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதில் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. அதன்பின் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், கணினித் திரையில் சாலையைக் காட்டி ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். கையை உபயோகிக்காமல் போன் பேசியபடி ஓட்டியவர்களின் கண் சாலையோரப் பலகைகள் மீது நேராகவே பதிந்திருந்தது. ஆனால் பிறகு கேட்டபோது அவற்றில் பலவற்றை அவர்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை. கண் பார்த்தது, மூளை வாங்கிக்கொள்ளவில்லை.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். பேச்சு தொடங்கியதும் முதலில் நிற்பது கண்ணாடி பார்ப்பது. வண்டி நேராகத்தான் போகும், வேகமும் பெரிதாக மாறாது. அதனால் நன்றாக ஓட்டுகிறோம் என்றே அவருக்குத் தோன்றும். பின்னால் பைக் நெருங்கி வந்தது மட்டும் தெரிந்திருக்காது.

‘பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் இதேதானே?’ என்று நீங்கள் கேட்கக்கூடும். இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கும் ரோடு தெரிகிறது. நெரிசல் வந்தால் அவரே பேச்சை நிறுத்துவார், ‘பார்த்து, பார்த்து’ என்பார். போனில் பேசுபவருக்கு உங்கள் முன்னால் லாரி திரும்புவது எப்படித் தெரியும்?

சிக்னலில் நிற்கும்போது மெசேஜ் பார்த்தால் சட்டப்படி தப்பா?
– வெளிநாட்டில் படிக்கும் மாணவர்

நாட்டுக்கு நாடு மாறும். ஓட்டும் வண்டியில் போனைக் கையில் பிடிப்பதையாவது உள்நாட்டுச் சட்டம் தடுக்க வேண்டும் என்று, பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே சொல்கிறது. அதற்கு மேல் எவ்வளவு கண்டிப்பு என்பது அந்தந்த நாட்டின் முடிவு. பிரிட்டனில் 2003 முதலே கையில் பிடித்துப் பேசத் தடை. 2022 மார்ச்சில் படம் எடுப்பது, பாட்டு தேடுவது எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிட்டார்கள். அங்கே சிக்னலில் நின்றாலும், நெரிசலில் நகராமல் இருந்தாலும் குற்றம்தான். நிறுத்துவது ஆபத்தான இடத்தில் அவசர உதவிக்கு அழைப்பதற்கு விலக்கு உண்டு. சிங்கப்பூரில் வண்டி ஓடும்போது போனைப் பிடித்திருந்தாலே குற்றம், பேசத்தான் வேண்டும் என்றில்லை. இந்தியாவில் 2019 சட்டத் திருத்தம் இதை ‘ஆபத்தாக ஓட்டுதல்’ பிரிவிலேயே வைத்துவிட்டது. 2020 அக்டோபரில் வந்த விதிப்படி வழி பார்க்க மட்டும் போனை உபயோகிக்கலாம், அதுவும் கவனம் சிதறாத வகையில்.

சட்டம் இடம் கொடுத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஓட்டியபடி குரலால் கட்டளை கொடுத்து முடித்த பிறகும், சில கருவிகளில் கவனம் முழுதாகத் திரும்ப 27 விநாடி வரை ஆனதாக 2015-இல் அதே யூட்டா ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். பச்சை விழுந்ததும் கிளம்புகிறவரின் மனது இன்னும் அந்த மெசேஜில்தான் இருக்கும். அப்போதுதான் குறுக்கே யாராவது நடந்து வருவார்கள்.

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசலாமா?

கூடாது. அந்தப் பக்கத்துக் காதுக்கு ஹாரன் சரியாகக் கேட்காது. போன் நழுவினால் கை தானாகப் பாயும், ஹேண்டில் ஆடும்.

என் கணவர் வண்டியில் கிளம்பினால் வழியில் மூன்று நான்கு தரம் கூப்பிடுவேன். எடுக்கவில்லை என்றால் பயம் பிடித்துக்கொள்கிறது. என்ன செய்வது, மேடம்?
– ஒரு வாசகி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் அம்மா. ஓட்டுபவருக்கு எத்தனையோ அறிவுரை சொல்கிறோம், கூப்பிடுபவருக்கு யாரும் சொல்வதில்லை. ஓட்டுகிறார் என்று தெரிந்தே கூப்பிட்டால் அந்த ஆபத்தில் நமக்கும் பங்கு உண்டு.

கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: போய்ச் சேர்ந்ததும் அவர் கூப்பிட வேண்டும், அதுவரை நீங்கள் கூப்பிடுவதில்லை. தூரப் பயணம் என்றால் டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு தரம். மனது கேட்காவிட்டால், இருக்கும் இடத்தைப் போனிலேயே பகிரும் வசதி இருக்கிறது. அவர் தொடாமலேயே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டும்போது அழைப்பைத் தடுத்து, ‘ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று தானே பதில் அனுப்பும் வசதியும் போன்களில் உண்டு, அதை அவர் போட்டுக்கொள்ளட்டும். பல போன்களில், அடுத்தடுத்து இரண்டாம் தரம் அழைத்தால் அந்தத் தடையைத் தாண்டி மணி அடிக்கும்படி வைக்கலாம். அந்த இரண்டாவது அழைப்பை உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க’ என்பதற்கு ஒரு மெசேஜ் போதும்.

யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி ‘ஓட்டிக்கிட்டா இருக்கீங்க?’ என்பதாக இருக்கட்டும். ஆமாம் என்றால் உடனே வைத்துவிடுங்கள். ‘ஒரே ஒரு விஷயம்...’ வேண்டாம். அலுவலக மேலாளர்களையும் இதே உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு வண்டியிலிருந்தபடி ஒருவர் சேர்ந்தால், ‘இறங்கிய பிறகு பேசலாம்’ என்று முதலில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அப்பா ஓட்டும்போது மெசேஜ் பார்க்கிறார். ‘ஒரு செகண்ட்தான்மா’ என்கிறார். எப்படிச் சொல்வது?
– 9-ஆம் வகுப்பு மாணவி

மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடிவிடும். 5 விநாடி குனிந்து பார்த்தால் 125 மீட்டர். அப்பாவிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டு, ஆனால் வண்டி ஓடும்போது வேண்டாம், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது. வண்டியில் ஏறியதும், ‘போனை என்கிட்ட குடுங்கப்பா, நான் பார்த்துச் சொல்றேன்’ என்று வாங்கிக்கொள். வழி பார்ப்பது உன் வேலை. யாராவது கூப்பிட்டால், ‘அப்பா ஓட்டிக்கிட்டு இருக்காங்க, இறங்கினதும் பேசுவாங்க’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடு.