மொரியோகாவில் இறங்கினால்... வாசகர் கேள்விகள், பதில்கள்

வடகிழக்கு ஜப்பானின் ரயில்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே நிலையத்தைத்தான் கேட்கின்றன: இவாதே மாநிலத் தலைநகர் மொரியோகா. அந்த ஊரில் குடியிருந்தவன் என்பதால் எனக்கும் அதைப் பற்றிப் பேச ஆசைதான். ஆகவே இந்த இதழ் முழுக்க மொரியோகாவுக்கே.

தோக்கியோவில் ஒரே ரயிலாகக் கிளம்புவது மொரியோகாவில் இரண்டாகப் பிரிகிறதாமே? நான் தவறான பாதியில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது?

சீட்டில் பெட்டி எண்ணைப் பாருங்கள். 1 முதல் 10 வரை பச்சை நிற ஹயபுசா. அது ஷின்-அவோமோரி பக்கம் போகும். 11 முதல் 17 வரை சிவப்பு நிற கொமாச்சி, அது அகிதாவுக்கு. இரண்டிலும் எல்லா இருக்கைகளும் முன்பதிவுதான் என்பதால் தவறிப்போக வாய்ப்பு குறைவு. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 10ஆம் பெட்டிக்கும் 11ஆம் பெட்டிக்கும் நடுவே உள்ளே வழி கிடையாது. மாறி ஏறிவிட்டால், செந்தாய் போல வழியில் நிற்கும் நிலையத்தில் இறங்கி, பிளாட்பாரத்தில் நடந்து, அடுத்த பாதியில் ஏறிக்கொள்ள வேண்டும். மொரியோகா வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். வடக்கே போகும்போது கொமாச்சிதான் முன்னால் இருக்கிறது, பிரிந்ததும் அதுதான் முதலில் கிளம்பும்.

ஏன் பிரிகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அகிதாவுக்குத் தனி அதிவேகப் பாதை போடவில்லை. மலை வழியாகப் போகும் பழைய தாஸாவாகோ பாதையை ஒரு வருடம் மூடி, 1067 மி.மீ. தண்டவாளத்தை 1435 மி.மீ. அகலத்துக்கு மாற்றினார்கள், 1997 மார்ச்சில் கொமாச்சி ஓடத் தொடங்கியது. சுரங்கங்களும் பாலங்களும் பழையவையே. அதனால்தான் கொமாச்சியின் பெட்டிகள் ஒடுக்கமானவை. ஹயபுசாவில் வரிசைக்கு மூன்றும் இரண்டுமாக ஐந்து இருக்கைகள் என்றால் இதில் இரண்டும் இரண்டும்தான். ஷின்கான்சென் எனும் அதிவேக ரயிலுக்கான பிளாட்பாரத்தில் நிற்கும்போது கதவுக்குக் கீழே ஒரு படி வெளியே வந்து இடைவெளியை மூடும்.

மொரியோகா வரை 320 கி.மீ. வேகத்தில் வந்த ரயில், அதன்பிறகு அதிகபட்சம் 130தான். ஒற்றைத் தண்டவாளம், லெவல் கிராசிங், எதிர் ரயிலுக்காகக் காத்திருப்பு எல்லாம் உண்டு. ஓமகாரியில் திசை மாறுவதால் அகிதா வரை பின்நோக்கி உட்கார்ந்து போவீர்கள். பதற வேண்டாம், சரியான ரயில்தான்!

ரயில்கள் இணைவதைப் பார்க்க ஆறு வயது மகனை அழைத்துப் போகலாமா? எங்கே நிற்க வேண்டும்?

கட்டாயம் அழைத்துப் போங்கள். பிரிவதைவிட இணைவது பார்க்க அழகு. எனவே தோக்கியோ போகும் ரயில்கள் வரும் பக்கம் நில்லுங்கள். முதலில் ஹயபுசா வந்து நிற்கும். அதன் வால் பக்கம், அதாவது 10ஆம் பெட்டி முடியும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது. அங்கே 15 மீட்டர் நீள மூக்கின் நுனி இரண்டாகத் திறந்து, உள்ளிருந்து இரும்புக் கொக்கி வெளியே தெரியும். சற்று நேரத்தில் வடக்கே இருந்து சிவப்பு மூக்கு ஊர்ந்து வரும். சில மீட்டர் தூரத்தில் ஒருமுறை நிற்கும். குழந்தைகள் எல்லாரும் 'அவ்வளவுதானா' என்று அப்பாவைப் பார்ப்பார்கள். பிறகு நடந்து வருபவரைவிட மெதுவாக நகர்ந்து வந்து, ஒரு கனத்த சத்தத்துடன் ஒட்டிக்கொள்ளும். கொக்கியோடு சேர்த்து மின்சாரம், காற்றுக்குழாய் இணைப்புகளும் தாமாகவே பொருந்திவிடும். சில நிமிடத்தில் 17 பெட்டியும் ஒரே ரயிலாகக் கிளம்பிவிடும்.

பயணச்சீட்டு இல்லாவிட்டால் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் செல்லும், ரயிலுக்குள் மட்டும் ஏறக் கூடாது. மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள். மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு விளிம்பருகே நிற்பதும் வேண்டாம். பணியாளர்கள் உடனே தடுப்பார்கள், அவர்கள் தடுப்பது சரியே.

ஓடும்போதே இந்த இணைப்பு கழன்றதாகச் செய்தியில் படித்தேன். பயமில்லையா?

உண்மைதான், இருமுறை நடந்தது. 2024 செப்டம்பர் 19 அன்று மியாகி மாநிலத்தில் 315 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது; 2025 மார்ச் 6 அன்று தோக்கியோவில், உஎனோவுக்கும் ஓமியாவுக்கும் இடையே. இரண்டு முறையும் பிரேக் தானாகப் பிடித்து இரு ரயில்களும் நின்றன, யாருக்கும் காயமில்லை. இரண்டாவது சம்பவத்துக்குப் பிறகு சுமார் ஒரு வாரம் இணைத்து ஓட்டுவதையே நிறுத்தி, அகிதா பயணிகளை மொரியோகாவில் மாற்றி ஏற்றினார்கள். நான் இன்றும் தயங்காமல் ஏறுவேன். சிறு சந்தேகம் வந்ததும் இவ்வளவு பெரிய சேவையை நிறுத்தத் தயங்காதவர்களை நம்பலாம் என்பது என் எண்ணம்.

மொரியோகாவிலிருந்து கடற்கரை ஊரான மியாகோவுக்கு ரயிலா, பேருந்தா?

அவசரமென்றால் பேருந்து. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கொண்டுவிடும், அடிக்கடியும் உண்டு. யமடா பாதை ரயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், முழுத் தூரம் போகும் வண்டிகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். ஒன்றைத் தவற விட்டால் அரை நாள் போச்சு. அதனால் ஷின்கான்சென் சீட்டு எடுக்கும் முன்பே இந்த வண்டியின் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். பெரிய ரயிலை முடிவு செய்துவிட்டு சின்ன ரயிலைத் தேடுகிறவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

நேரம் இருந்தால் ரயிலில்தான் போக வேண்டும் என்பேன். டீசல் வண்டி காட்டுக்குள் மூச்சு வாங்க ஏறி, 744 மீட்டர் உயரத்தில் உள்ள குஸாகாய் நிலையத்தைத் தொட்டு, அப்புறம் ஹெய் ஆற்றின் கூடவே கடலுக்கு இறங்கும். 2015 டிசம்பரில் மண்சரிவில் ரயில் தடம் புரண்டு, 2017 நவம்பர் வரை மூடிக் கிடந்த பாதை இது. மறுபடி திறந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். காலி வண்டியாக விடாமல் நாம் ஏற வேண்டும்.

நடத்துநர் இல்லாத வண்டி. வழியில் உள்ள சிறு நிலையத்தில் ஏறினால் கதவருகே உள்ள பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட சிறு சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேலே பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் தெரியும். இறங்கும்போது சீட்டையும் காசையும் அவர் அருகே உள்ள பெட்டியில் போட வேண்டும். சில்லறையை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். குளிர்காலத்தில் ஏறியதும் மூடும் பொத்தானையும் அழுத்திவிடுங்கள், உள்ளே இருக்கும் பாட்டிகள் வாழ்த்துவார்கள்.

சைவம். நிலையத்தில் என்ன கிடைக்கும்?

ஊரின் பெருமையான ரெய்மென் குளிர் நூடுல்ஸில் மாட்டிறைச்சிச் சாறு; சோபா என்ற நூடுல்ஸின் குழம்பில் மீன் சாறு. இரண்டும் வேண்டாம். ஃபுகுதா பான் என்ற ஊர்ப் பன் உண்டு, சிவப்புப் பயறு இனிப்பும் வெண்ணெயும் தடவியது பிரசித்தம். நிலையக் கடைகளில் உறையில் போட்டு விற்பார்கள். எள் தூவிய நன்பு செம்பே என்ற மொறுமொறு வில்லையும் பையில் இருக்கட்டும். முட்டையும் கூடாது என்பவர்கள் உறையின் பின்புறத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஜப்பான் ரயில் பாஸ் மொரியோகாவில் எல்லா வண்டிகளுக்கும் செல்லுமா?

செல்லாது. ஐ.ஜி.ஆர். இவாதே கிங்கா ரயில் தனி நிறுவனம். 2002இல் ஷின்கான்சென் ஹச்சினோஹே வரை நீண்டபோது பழைய பாதையை ஏற்றுக்கொண்டது. அதன் வாசலும் தனி. ஹனாவா பாதை வண்டிகள் பாஸ் செல்லும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) வண்டிகள்தான், ஆனாலும் கோமா நிலையம் வரை ஐ.ஜி.ஆர். தண்டவாளத்தில் போவதால் அந்தத் தூரத்துக்கு மட்டும் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்.