லாடம் அடித்த மூன்றாம் நாளில் நொண்டும் குதிரை

வலி ஊசி போட்டு மேலூரிலிருந்து அழகர்கோவிலுக்கு ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டக் கூடாது, முதலில் அந்த லாடத்தைக் கழற்ற வேண்டும்.

புது லாடம் அடித்த மூன்றாம் நாளில் முன்னங்காலை ஊன்றாமல் நுனியை மட்டும் தொடுகிறது என்றால், ஆணி உயிர்ச்சதையில் இறங்கி உள்ளே சீழ் கட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

குளம்புக்கு மேலே, கணுவின் பின்புறம் இருபக்கமும் விரல் வைத்துப் பாருங்கள்: மற்ற முன்னங்காலைவிட நாடி பலமாகத் துடித்து, குளம்பும் சூடாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு, லாடத்தைக் கழற்றும் முன், ஆணித்தலைகளை ஒவ்வொன்றாகச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டினால், குற்றவாளி ஆணியில் குதிரை காலை வெடுக்கென இழுக்கும்.

சீழை வெளியேற்றக் குளம்பைச் செதுக்குவது கால்நடை மருத்துவரின் வேலை, லாடக்காரருடையது அன்று. டெட்டனஸ் குதிரையை மிக எளிதில் தாக்கும். தடுப்பூசி விவரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.