கல்லூரியில் நாடக வரலாற்றை வேறு எப்படி நடத்தலாம்?

மும்பையில் தமிழ் மாணவர்களுக்கு நாடக வரலாறு நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: நாட்டிய சாஸ்திரம் எழுதிய பரத முனிவரில் தொடங்கி, பள்ளு, குறவஞ்சி தாண்டி, நவீன தமிழ் நாடக முன்னோடி பம்மல் சம்பந்த முதலியாரிடம் வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் மனதில் நூல் பெயரும் ஆண்டும்தான் மிஞ்சுகின்றன. என்ன செய்யலாம்?

வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதல் வகுப்பை மும்பை கிராண்ட் ரோட்டில் தொடங்குங்கள். 1846-இல் வணிகர் ஜகந்நாத் சங்கர்சேட் முயற்சியால் அங்கே ஒரு நாடகக் கொட்டகை வந்தது. 1853-இல் அதே மேடையில் விஷ்ணுதாஸ் பாவே மராத்தியில் ஆடினார். சில மாதங்களில் பார்சிகளும் ஆடினார்கள். போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் ரயில் ஓடியதும் அதே ஆண்டுதான். பிறகு பாதை நீள நீள, பார்சி நாடகக் கம்பெனிகளின் படுதாக்களும் ஹார்மோனியமும் சென்னை வரை வந்தன. தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையில் இருந்த பலவற்றுக்கு இங்கேதான் வேர். மாட்டுங்காவிலும் தாராவியிலும் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது.

நூல் வரிசையில் நடத்துவதன் பெரிய தீங்கு, நூல் எழுதாதவர்கள் காணாமல் போவது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தியவர். 'நாடக நூல்கள்' என்று தலைப்புப் போட்டால் அவருக்கு இடமே இல்லை. ஹார்மோனியக்காரரும் பபூனும் அப்படித்தான்.

அதனால் நூலுக்குப் பதில் ஒரு நாடக நோட்டீசைக் கையில் கொடுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நோட்டீசுகள் உண்டு. நான்கு பேருக்கு ஒரு நகல், நாற்பது நிமிடம். தாளை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: கண்ணால் பார்ப்பது, ஊகிப்பது, இதிலிருந்து சொல்ல முடியாதது. நாற்காலி, பெஞ்சு, தரை என்று டிக்கெட் பிரிந்திருக்கிறதா? பெண்களுக்குத் தனி இடமா? ராஜபார்ட் (நாயக வேடம்) பெயர் எந்த அளவு எழுத்தில், ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) பெயர் எந்த அளவில்?

பல நோட்டீசுகளில் ஆண்டு இருக்காது. கிழமையும் தேதியும் மட்டும் இருக்கும். அங்கேதான் பாடம் சூடு பிடிக்கும். ஒரு தேதி அதே கிழமையில் பெரும்பாலும் 5, 6 அல்லது 11 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே நாற்பது ஆண்டுகளில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளே மிஞ்சும். அடியில் அச்சகத்தின் பெயரைப் பாருங்கள். அப்போதிருந்த 1867 அச்சுச் சட்டப்படி அது இருந்தாக வேண்டும். அந்த அச்சகம் இயங்கிய காலத்தோடு பொருத்தினால் இன்னும் சுருங்கும். மாணவர்கள் வழக்கமாகத் தவறுவது ஒரே இடத்தில்: நோட்டீஸ் விளம்பரம், நடந்ததற்குச் சான்று அல்ல. 'புத்தம் புதிய சீன்கள்' என்று அச்சிட்டிருந்தால் அவை வந்தன என்று பொருளில்லை. பத்திரிகைச் செய்தியோ வேறு குறிப்போ கிடைக்கும்வரை அதை மூன்றாம் பத்தியிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, குரல். நாடக நடிகர் கிட்டப்பா மைக் இல்லாத மேடையில் வளர்ந்த பாடகர். ஹார்மோனியத்தில் சுருதியைக் 'கட்டை' என்று சொல்வார்கள்: ஒரு கட்டை என்பது மேற்கத்திய 'சி' சுரம், ஐந்து கட்டை அதைவிட உயர்ந்த 'ஜி'. ஒரே பாட்டு வரியை இரண்டு சுருதியிலும் மைக் இல்லாமல் பாடவைத்து, இன்னொருவரைக் கடைசி வரிசையில் நிறுத்துங்கள். மின்விசிறி ஓடட்டும். எந்தச் சொல் காதில் விழுந்தது என்று அவர் எழுதட்டும். அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடினார்கள் என்பதற்கு விரிவுரையே வேண்டாம். தொண்டை கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆளுக்கு இரண்டு முறைக்கு மேல் பாடவிடாதீர்கள்.

தணிக்கைக்கு ஒரு வகுப்பு போதும்: 1876 நாடகச் சட்டம், எம்.ஆர்.ராதாவை மனதில் வைத்து வந்த 1954 சென்னைச் சட்டம், மகாராஷ்டிரத்தில் நாடகப் பிரதியைப் பரிசீலிக்கும் வாரியம்.

பரத முனிவரை விட்டுவிடச் சொல்லவில்லை. பத்தாவது வாரத்தில் கொண்டு வாருங்கள், கேரளத்தின் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தின் வீடியோவோடு. மேடை, ஒளி, குரல் என்று கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைகள் அப்போது நாட்டிய சாஸ்திரத்தின் அரங்க அளவுகளைத் தாங்களே அளந்து பார்ப்பார்கள்.

தேர்வையும் மாற்றாமல் இதைத் தொடங்காதீர்கள். 'சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பணி' என்ற பத்து மதிப்பெண் கேள்வி இருக்கும்வரை கைடுதான் ஓடும். அந்தப் பத்து மதிப்பெண்ணுக்கு, முன்பு பார்க்காத ஒரு நோட்டீசை வினாத்தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள்.