வார்டில் நடக்கும் பகைமையை எப்படி அளப்பது? செவிலியர் ஆய்வுக் கேள்வி பதில்

குமரி மாவட்டத்திலும் கேரள எல்லைப் பக்கத்திலும் இந்தத் தலைப்பில் ஆய்வு செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

மார்த்தாண்டம், எம்.எஸ்சி. நர்சிங் மாணவி: மேடம், "உடன் வேலை செய்பவர்கள் உங்களைக் கொடுமைப்படுத்துகிறார்களா?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதாதா?

போதாதும்மா. அதற்கு "ஆமாம்" போட வேண்டுமென்றால், தான் பாதிக்கப்பட்டவள் என்று முதலில் தனக்குத் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். "சீனியர்னா அப்படித்தான்" என்று பழகிப்போனவர் "இல்லை" என்றுதான் போடுவார். அதனால் "கொடுமை" என்ற பெயரைச் சொல்லாமல் செயலைக் கேளுங்கள்.

ஐனார்சன், ஹோயல், நோட்டலர்ஸ் மூவரும் 2009-ல் வெளியிட்ட என்.ஏ.க்யூ.-ஆர். (திருத்திய எதிர்மறைச் செயல்கள்) வினாத்தாள் அப்படித்தான் அமைந்தது. 22 செயல்கள். கடந்த 6 மாதத்தில் எத்தனை முறை என்பதற்கு ஐந்து விடை: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, மாதந்தோறும், வாரந்தோறும், தினமும். 7 செயல்கள் வேலை சார்ந்தவை, 12 ஆளைத் தாக்குபவை, 3 உடல்ரீதியாக மிரட்டுபவை.

உதாரணத்துக்குத் தகவலை மறைப்பது. காலையில் நைட் ஸ்டாஃப் ஓவர் கொடுக்கும்போது (பொறுப்பை ஒப்படைக்கும்போது), 12-ஆம் பெட்டின் இன்சுலின் அளவு மாறியதை ஒருவரிடம் மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்கும்போது அவர் முழிப்பார். இதற்குக் "கொடுமை" என்று யாரும் பெயர் வைக்க மாட்டார்கள். ஆனால் எத்தனை முறை நடந்தது என்று கேட்டால் எண்ணிச் சொல்வார்கள்.

உங்கள் ஒற்றைக் கேள்வியையும் விட்டுவிட வேண்டாம். கொடுமை என்றால் என்ன என்று விளக்கம் எழுதி, 22-ம் முடிந்த பிறகு கடைசியில் கேளுங்கள். முன்னால் வைத்தால் பின்னால் வரும் விடைகளின் நிறமே மாறிவிடும். செயல்வழிக் கணக்கைவிட இந்தக் கணக்கு பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். தப்பாகிவிட்டது என்று பயப்படாமல், அந்த இடைவெளியையே ஆய்வில் எழுதுங்கள்.

குழித்துறை, ஆய்வு மாணவர்: மொத்த மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது?

"ஒருபோதும் இல்லை"க்கு 1, "தினமும்" என்பதற்கு 5. ஆகவே குறைந்தது 22, அதிகபட்சம் 110. நோட்டலர்ஸும் ஐனார்சனும் 2013-ல் 33, 45 என்று இரண்டு எல்லை வகுத்தார்கள். 33-க்குக் கீழே பாதிப்பில்லை, 33 முதல் 44 வரை அவ்வப்போது பாதிப்பு, 45-ம் அதற்கு மேலும் என்றால் கொடுமைக்கு ஆளானவர்.

அடிக்கடி நடக்கும் தப்பு, எக்செல்லில் 0 முதல் 4 வரை பதிவது. 46 வாங்க வேண்டியவர் 24-ல் நிற்பார், பாதிப்பே இல்லாதவர் ஆகிவிடுவார். விடுபட்ட விடையை 0 என்று போடுவதும் இதே கதைதான். 20 கேள்விக்கு மட்டும் விடை வந்து மொத்தம் 42 என்றால், 20-ஆல் வகுத்து 22-ஆல் பெருக்குங்கள்: 46.2. அவர் இருக்க வேண்டிய பிரிவே வேறு. ஒன்றிரண்டு விடுபட்டால் மட்டுமே இப்படிச் செய்யலாம். பாதித் தாள் காலியென்றால் ஒதுக்கிவிடுங்கள்.

அந்த எல்லைகள் நார்வே ஊழியர்களின் தரவில் வகுத்தவை. நம் வார்டுக்கு அதைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். பலர் 22-ஐ ஒட்டியே இருப்பார்கள், சிலர் மட்டும் வெகு தூரம் போவார்கள். ஆகவே சராசரியோடு இடைநிலையையும் (மீடியன்) கொடுங்கள்.

பாறசாலை, ஸ்டாஃப் நர்ஸ்: எங்கள் ஆஸ்பத்திரியில் பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் மலையாளம். ஒரே தாளைக் கொடுக்கலாமா?

கூடாது. இரண்டு மொழியிலும் தனித்தனித் தாள் வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்கட்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். வேறுபடும் வரிகளை உட்கார்ந்து பேசித் தீருங்கள். பிறகு ஐந்தாறு நர்சுகளிடம் "இந்த வரி உங்களுக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டுப் பாருங்கள். வினாத்தாள் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுடையது, அவர்களின் அனுமதியும் வாங்க வேண்டும்.

எல்லையோரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. தமிழில் "நீங்கள்" மரியாதை. அதே நினைப்பில் தமிழ்ப் பெண் ஒரு மூத்த சிஸ்டரிடம் மலையாளத்தில் "நிங்கள்" என்றால், தெற்குக் கேரளத்தில் அது மரியாதைக் குறைவாகப் படும். அங்கே "சேச்சி" என்றுதான் அழைக்க வேண்டும். ஒருவருக்குப் பழக்கம், இன்னொருவருக்கு அவமதிப்பு. மலையாளத் தாளில் வாசிப்பவரை எப்படி விளிப்பது என்பதையும் அங்குள்ள நர்சுகளிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ஸ்டேஷனில் ஒருவருக்குப் புரியாத மொழியில் மற்றவர்கள் பேசி ஒதுக்குவதைத் தனிக் கேள்வியாகச் சேர்க்கலாம். ஆனால் அதன் மதிப்பெண்ணை 22-ன் மொத்தத்தில் சேர்க்காதீர்கள்.

களியக்காவிளை, வார்டு இன்சார்ஜ்: ஆள் பற்றாக்குறையில் எல்லாருக்கும்தான் வேலைச்சுமை. அதுவும் பகைமையில் சேருமா?

மிகச் சரியான கேள்வி. வேலை சார்ந்த 7 செயல்களில் சுமையும் ஒன்று. ஆள் குறைந்த வார்டில் அது எல்லோருக்கும் ஏறும், அதனால் மொத்தமும் ஏறும். அப்போது ஆளைத் தாக்கும் 12-ஐத் தனியே பாருங்கள். அது ஏறவில்லை என்றால் பிரச்சினை டூட்டி லிஸ்டில் இருக்கிறது.

செய்தது யார் என்று இந்தத் தாள் பிரித்துக் கேட்பதில்லை. ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் சேருங்கள்: சக நர்ஸ், மேலே இருப்பவர், டாக்டர், நோயாளி தரப்பு. இது இல்லாமல் "செவிலியருக்குள் பகைமை" என்று முடிவெழுதினால், டாக்டர் திட்டியதும் நர்சுகள் தலையில் விழும்.

நெய்யாற்றின்கரை, நர்சிங் ஆசிரியை: மாணவிகளிடமும் இதைக் கொடுக்கலாமா?

நான்கு வாரப் போஸ்டிங்கில் இருப்பவரிடம் 6 மாதக் கணக்கு கேட்க முடியாது. "இந்தப் போஸ்டிங்கில்" என்று மாற்றலாம். மாற்றினால் 33, 45 எல்லைகளைப் பயன்படுத்தாதீர்கள்.

தக்கலை, ஆய்வு மாணவி: ஐ.சி.யூ.வில் 8 பேர்தான். யார் எழுதியது என்று தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். சூப்பரிண்டெண்டண்ட் மேடமும் தாள்களைப் பார்க்கணும் என்கிறார்.

அவர்கள் பயம் நியாயமானது. வயது, அனுபவம், வார்டு, சொந்த ஊர் நான்கையும் கேட்டால் பெயரே தேவையில்லை. வயதையும் ஊரையும் எடுத்துவிடுங்கள், அனுபவத்தை 5 வருஷத்துக்குக் கீழ், மேல் என்று மட்டும் கேளுங்கள். 10 பேருக்குக் குறைந்த வார்டைத் தனியாக அறிக்கையில் காட்டாமல் இன்னொன்றோடு சேருங்கள். விடை டிக் மட்டும். எழுத்து வேண்டாம், கையெழுத்து காட்டிக்கொடுக்கும். பூட்டிய பெட்டியை மேட்ரன் அறையில் வைக்காதீர்கள்.

தாள்களை மேடமிடம் காட்டக் கூடாது. தொகுத்த எண்கள் மட்டும் என்பதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் அந்த இடத்தில் ஆய்வை எடுக்காதீர்கள். பாலியல் தொல்லை என்றால் 2013-ன் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் போகலாம் என்ற தகவலையும், மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் அடித்து, பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்படாதவர் என்று பார்க்காமல் எல்லாக் கவரிலும் வையுங்கள்.