கிஃப்டட் தேர்வுக்கான போர்ட்ஃபோலியோ: எதை வைப்பது, எதை விடுவது

தம்பி, நீங்கள் கேட்டது இது: அமெரிக்கா வந்து ஐந்து மாதம், மகள் இரண்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டி, ஆனால் ஆங்கிலம் தடுமாறுவதால் வகுப்பில் வாயே திறப்பதில்லை. திறன் மிகுந்த பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கிஃப்டட் புரோகிராமுக்கான கடிதத்தில் போர்ட்ஃபோலியோவும், அதாவது பிள்ளை செய்தவற்றைத் தொகுத்த கோப்பும், பார்ப்போம் என்று போட்டிருக்கிறார்கள். அதில் என்ன வைப்பது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிஃப்டட் பிள்ளைகளை இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மத்திய அரசுச் சட்டம் எதுவும் இங்கே இல்லை. மாநிலத்துக்கு மாநிலம், பல இடங்களில் டிஸ்ட்ரிக்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) விதி மாறும். ஜார்ஜியாவில் அறிவுத்திறன், கல்வி அடைவு, படைப்பாற்றல், ஊக்கம் என நான்கு பிரிவுகள் வைத்து, மூன்றில் தேறினால் போதும் என்று ஒரு வழி உண்டு. பக்கத்து மாநிலத்தில் அப்படி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆகவே பள்ளியின் கிஃப்டட் கோஆர்டினேட்டருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: கடைசித் தேதி என்ன, எத்தனை பக்கம், வீட்டில் செய்ததை ஏற்பார்களா, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று காட்டும் ரூப்ரிக்கைப் பெற்றோர் பார்க்கலாமா. வாய்மொழிப் பதிலை நம்பி இருக்காதீர்கள்; எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். நூற்றுக்கு நூறு வாங்கிய தாள்கள், சான்றிதழ்கள், அப்பாவும் அம்மாவும் இரவெல்லாம் உட்கார்ந்து மெருகேற்றிய சயின்ஸ் புராஜெக்ட் எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கிவிடுகிறோம். எல்லாம் சரியாகப் போட்ட தாள், சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளை செய்கிறாள் என்று மட்டுமே சொல்லும். மதிப்பிடுபவர் தேடுவது, சொல்லிக்கொடுக்காத இடத்தில் அவள் என்ன செய்தாள் என்பதை.

உதாரணத்துக்கு, 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொல்கிறார் டீச்சர். கடன் வாங்கிக் கழித்து 14 என்று எழுதினால் அது வகுப்புப் பாடம். ஒரு பிள்ளை ஓரத்தில் இப்படிக் கிறுக்கியிருக்கிறாள் என்று வையுங்கள்: 50 − 30 = 20; 2-இல் 8 போகாது, 6 குறையுது; 20 − 6 = 14. அந்தக் கிறுக்கல்தான் பொக்கிஷம். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் எண் உண்டு என்பதை அவளாகவே தொட்டுவிட்டாள். அழித்துவிட்டு நல்ல தாளில் எழுதச் சொன்னீர்களானால் அத்தனையும் போய்விடும்.

கணக்கோடு நிறுத்த வேண்டாம். தினமும் மாலை ஒரே நேரத்தில் ஒரே ஜன்னலிலிருந்து நிலாவை வரைந்து, அது நாளுக்கு நாள் கிழக்கே நகர்வதைக் கவனித்து, ஏன் என்று தன் ஊகத்தை எழுதி, நான்காம் நாள் அதை அடித்துவிட்டு வேறு ஊகம் எழுதினால், அடித்ததும் சேர்ந்தே போகட்டும்.

பக்க வரம்பு எதுவும் சொல்லாவிட்டால் ஆறு முதல் எட்டு துண்டுகள் போதும். முப்பது வைத்தால் நல்லது நடுவே புதைந்துவிடும். ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சீட்டு ஒட்டுங்கள்: தேதி, என்ன செய்யச் சொன்னார்கள் (அல்லது அவளாகத் தொடங்கியதா), எவ்வளவு நேரம், யார் என்ன உதவி செய்தார்கள், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் அவள் சொன்ன பதில். உதவியை மறைக்காதீர்கள். எட்டு வயதுக் கையெழுத்துக்குப் பின்னால் பெரியவர் சிந்தனை இருந்தால் அனுபவமுள்ள டீச்சருக்கு உடனே தெரியும். பிறகு மற்ற துண்டுகள் மேலும் சந்தேகம் விழும்.

உங்கள் மகள் விஷயத்தில் இதுதான் முக்கியம்: தமிழில் எழுதியதையும் தமிழில் சொன்னதையும் வைக்கலாமா என்று கேளுங்கள். சரி என்றால் தமிழ் மூலமும், பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் யார் என்ற குறிப்பும் வையுங்கள். மொழிபெயர்க்கும்போது அவள் சொல்லாத அழகைச் சேர்த்துவிடாதீர்கள்.

டீச்சர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவங்களில், கேள்வி கேட்பது, விவாதத்தில் கலந்துகொள்வது போன்றவை வரும். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்த பிள்ளை அங்கே பின்தங்கிவிடுகிறாள். அது அவள் குறையில்லை. பத்து நிமிடம் டீச்சரைச் சந்தித்து, வீட்டில் அவள் தமிழில் கேட்கும் கேள்விகளில் ஐந்தை எழுதிக் கொடுங்கள். வகுப்பிலேயே அவள் செய்தவற்றில் இரண்டு மூன்றைக் கோப்பில் சேர்க்கும்படி கேளுங்கள். டீச்சர் கண்முன்னே செய்தது என்பதால் அதற்கு எடை கூடுதல்.

போர்ட்ஃபோலியோ பெரும்பாலும் தேர்வுக்குப் பதிலாக வருவதில்லை, கூடவே வருவது. காக்யாட் (CogAT) என்ற சிந்தனைத் திறன் தேர்வை எழுதினால் மொழி, எண், வடிவம் என மூன்று பகுதிக்கும் தனித்தனி மதிப்பெண் கேளுங்கள். மொழிப் பகுதி மொத்தத்தைக் கீழே இழுத்திருக்கலாம். 92 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்கு 92 எடுத்தாள் என்று பொருளல்ல. அதே வயதுப் பிள்ளைகளில் 92 சதவீதத்தினருக்கு இணையாகவோ மேலாகவோ இருக்கிறாள் என்று பொருள். எண், வடிவம் இரண்டிலும் உயரமாக இருந்து தேர்வாகாமல் போனால், அப்பீல் உண்டா, எத்தனை நாளுக்குள் என்று உடனே கேளுங்கள்.

மூலத்தைக் கொடுக்காதீர்கள், நகல் கொடுங்கள். டிஸ்ட்ரிக்ட் மாறினால் தேர்வான தகுதி கூடவே வரும் என்று சொல்ல முடியாது. அந்தக் கோப்பும் முடிவுக் கடிதமும் உங்கள் கையில் இருந்தால் புதிய பள்ளியில் முதல் வாரமே காட்டலாம்.