படகுக்கு ஒரு டைட்டில், மோட்டாருக்கு ஒரு டைட்டில்

கேள்வி: டெக்சஸில் ஃபிரிஸ்கோ பக்கம் இருக்கிறோம். பையன்கள் இரண்டு பேருக்கும் மீன் பிடிக்கிற பைத்தியம். லூயிஸ்வில் ஏரியில் விடலாம் என்று பழைய 18 அடி படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். விற்கிறவர் மோட்டார், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 12,000 டாலர் சொல்கிறார். ரிஜிஸ்ட்ரேஷன் கார்டு அவர் பெயரில் இருக்கிறது, டைட்டில் மட்டும் வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். "பில் ஆஃப் சேல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அது போதும்" என்கிறார். ஆள் நல்லவராகத்தான் தெரிகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் டைட்டில் அவர் கைக்கு வந்த பிறகு. அதுவரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

நம் ஆட்கள் இதில் ஏமாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊரில் பைக், கார் எதுவானாலும் ஆர்.சி. புக் ஒன்றுதான், வண்டி யாருடையது, ரோட்டில் ஓடலாமா என்ற இரண்டு கேள்விக்கும் அதுவே பதில். அந்தப் பழக்கத்தில் படகின் ரிஜிஸ்ட்ரேஷன் கார்டைக் கையில் கொடுத்ததும் ஆர்.சி. புக்கைப் பார்த்த மாதிரி நிம்மதி ஆகிவிடுகிறோம். டெக்சஸில் அந்தக் கார்டு, படகைப் பொதுத் தண்ணீரில் ஓட்ட 2 வருஷத்துக்குக் கிடைக்கும் அனுமதி, அவ்வளவுதான். படகு யாருடையது என்று சொல்வது டைட்டில். படகின் மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவர் பெயரும் அதில்தான் ஏறும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. டெக்சஸில் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாருக்கும் தனியாக ஒரு டைட்டில் உண்டு, பெட்ரோலில் ஓடுவது எத்தனை குதிரைத்திறனாக இருந்தாலும் சரி. அதனால் உங்கள் ஆளிடம் "டைட்டில் எங்கே" என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு டைட்டிலும் எங்கே என்று கேளுங்கள்.

நான் முதல் படகு வாங்கியபோது இதில் மாட்டியிருக்கிறேன். 16 அடி அலுமினியப் படகு, இரண்டு டைட்டிலும் பக்காவாக இருந்தன, பணத்தைக் கொடுத்துவிட்டு இழுத்து வந்துவிட்டேன். என் பெயருக்கு மாற்றப் போனபோது கவுண்டரில் இருந்த அம்மாள் மோட்டாரின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வரச் சொன்னார். வீட்டுக்கு வந்து, படகோடு மோட்டாரைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் ஓரத்தில் இருந்த சின்னத் தகட்டை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் டைட்டிலில் இருப்பது வேறு நம்பர். விசாரித்ததில், விற்றவர் பழைய மோட்டார் எரிந்துபோய்த் தன் மச்சானிடமிருந்து வேறொன்றை வாங்கி மாட்டியிருக்கிறார், காகிதத்தை மாற்ற வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. மனுஷர் திருடர் இல்லை, சோம்பேறி. ஆனால் அந்த மச்சானைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதற்குள் அந்தக் கோடையே போய்விட்டது.

அதனால் படகைப் பார்க்கப் போகும்போது ஒரு பழைய துணியும் போனும் கொண்டு போங்கள். படகின் பின்பக்கம் போய், வலது மூலையில் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தடவிப் பாருங்கள், 12 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை இருக்கும். அதுதான் ஹல் ஐடி, காருக்குச் சேசிஸ் நம்பர் மாதிரி. 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய படகு எல்லாவற்றிலும் இருந்தாக வேண்டும். கடைசி இரண்டு இலக்கம் பொதுவாக மாடல் வருஷம், ஆகவே 2012 மாடல் என்று சொல்லி விற்கிற படகில் 07 என்று முடிந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அந்த இடம் சுரண்டியோ புதுப் பெயின்ட் அடித்தோ இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மோட்டார் நம்பரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறைதான் இங்கே படகுக் காகிதம் எல்லாம் பார்க்கிறது. காருக்கான டிஎம்வி அலுவலகத்தில் போய் நிற்காதீர்கள். அந்தத் துறையின் தளத்தில் இந்த நம்பர்களைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கலாம். பெயர் ஒத்துப்போனால் சந்தோஷம், தொலைந்துபோன டைட்டிலுக்கு அவரையே மாற்றுப் பிரதி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், பெயரில் இருப்பவர் அவர்தானே. நல்லவராக இருந்தால் செய்வார். இழுத்தடித்தால் தொலைந்தது டைட்டில்தானா என்று யோசிக்க வேண்டியதுதான்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். தனியாளிடம் பழசு வாங்கினாலும் படகுக்கும் மோட்டாருக்கும் 6.25 சதவீதம் வரி. ட்ரெய்லர் கணக்கு தனி, அது வாகனமாகக் கவுன்டி வரி அலுவலகம் வழியாகப் போகும். ஆகவே பில் ஆஃப் சேலில் மொத்தமாக 12,000 என்று எழுத விடாதீர்கள், மூன்றையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். படகு 7,000, மோட்டார் 3,500, ட்ரெய்லர் 1,500 என்றால் படகு வரி 10,500க்கு மட்டும், அதாவது 656 டாலர் 25 சென்ட். டைட்டில் ஒன்றுக்கு 27 டாலர், 18 அடிப் படகின் பதிவுக்கு 53 டாலர். வாங்கிய நாளிலிருந்து 45 வேலை நாளுக்குள் கட்டிவிடுங்கள், தாண்டினால் அபராதம். "500 டாலர்னு எழுதிடலாமா, வரி மிச்சம்" என்று அவர் கேட்கலாம். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடுகிற அந்த வேலையே வேண்டாம்.

டிஎக்ஸ் என்று ஆரம்பிக்கும் பதிவு நம்பர் படகோடு இருக்கும், ஆள் மாறினாலும் மாறாது. முன்பாதியில் இரண்டு பக்கமும், குறைந்தது 3 அங்குல உயரத்தில், படகின் நிறத்திலிருந்து பளிச்சென்று தெரிகிற நிறத்தில் இருக்க வேண்டும். கார்டு எப்போதும் படகிலேயே இருக்கட்டும், நனையாத பையில் போட்டு.

கேள்வி: 12 அடி கயாக் வைத்திருக்கிறேன். துடுப்புப் போட்டுத் தோள் வலிக்கிறது, சின்னதாக ஒரு பேட்டரி மோட்டார் மாட்டலாம் என்று நினைக்கிறேன். இதற்கெல்லாமா பதிவு? (ஆஸ்டின் வாசகர்)

பதில்: துடுப்புப் போடும் வரை ஒன்றும் வேண்டாம். மோட்டார் மாட்டிய நிமிஷம் அது மோட்டார் படகு, பேட்டரியில் ஓடினாலும். 16 அடிக்குக் குறைவான படகுக்குப் பதிவு 32 டாலர். பேட்டரி மோட்டாருக்குத் தனி டைட்டில் வேண்டாம் என்பது ஒரு ஆறுதல்.

கேள்வி: மிச்சிகனிலிருந்து வேலை மாறி ஹூஸ்டன் வந்துவிட்டோம். 16 அடிப் படகு, அவுட்போர்டு மோட்டார். டைட்டில் என்று ஒன்று எங்களுக்குக் கொடுத்ததே இல்லை. இப்போது என்ன செய்வது?

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. மிச்சிகனில் 20 அடியோ அதற்கு மேலோ உள்ள படகுக்கோ, என்ஜின் நிரந்தரமாகப் பொருத்திய படகுக்கோதான் டைட்டில். உங்களுடையது இரண்டிலும் சேராது. மாநிலத்துக்கு மாநிலம் இப்படித்தான், ஒரே படகு ஒரு ஊரில் சொத்து, இன்னொரு ஊரில் வெறும் நம்பர். எம்சி என்று ஆரம்பிக்கும் மிச்சிகன் பதிவு நம்பர் போட்ட கார்டு உங்கள் பெயரில் இருக்கிறதல்லவா, அங்கே டைட்டில் தருவதில்லை என்பதால் அதையே ஆதாரமாகக் காட்டலாம். மோட்டாருக்கு அங்கே தனிக் காகிதம் கிடையாது, வாங்கிய ரசீதைத் தேடி எடுங்கள். படகு இங்கே 90 நாள் தொடர்ந்து இருந்தால் டெக்சஸ் பதிவுக்கு மாறியாக வேண்டும். அங்கேயே உங்கள் பெயரில் பதிவாகியிருந்த படகு என்பதால் 6.25 சதவீதம் கேட்க மாட்டார்கள், புதிதாகக் குடிவந்தவர்களுக்கென்று 15 டாலர் வரிதான்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. படகு என் பெயரில் இருக்கிறது. அவள் ஓட்டலாமா?

பதில்: 1993 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் 15 குதிரைத்திறனுக்கு மேலான மோட்டார் படகை ஓட்ட, படகுப் பயிற்சி வகுப்பு முடித்த சான்று வைத்திருக்க வேண்டும். ஆன்லைனிலேயே முடிக்கலாம். உங்களுக்குச் சட்டப்படி தேவைப்படாமல் இருக்கலாம், இருந்தாலும் அவளோடு உட்கார்ந்து நீங்களும் ஒரு தடவை படியுங்கள்.