தொட்டால் விலகுகிறாரே, பிடிக்கவில்லையா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். எனக்கு 27 வயது. தாய்மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறேன், எட்டு மாதம் ஆகிறது. அவருக்கு 33. போன மாதம்தான் டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். பக்கத்தில் போய் மெதுவாகத் தொட்டாலே உடம்பு விறைத்துத் தள்ளிப்போகிறார். இதுவரை இரண்டு மூன்று முறைதான் சேர்ந்திருக்கிறோம். கல்லூரி நாளிலிருந்து ரிஸ்பெரிடோன் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறாராம். அத்தை தினமும் ‘விசேஷம் உண்டா’ என்கிறார். என்னைப் பிடிக்கவில்லையா? குழந்தை பிறந்தால் அதற்கும் வருமா?

பதில்: ‘மெதுவாகத் தொட்டாலே’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அங்கேயே இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு மென்மையான வருடல்தான் தாங்காது. நமக்கு மயிலிறகாகத் தெரிவது அவர்கள் தோலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அதே கை தோளை நன்றாக அழுத்திப் பிடித்தால் நிம்மதியாக உணர்பவர்கள் உண்டு. ஆசை இல்லாதவர்கள் என்று ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றி ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது, அது தவறு. மற்றவர்களைப் போலவே அதிகமும் உண்டு, குறைவும் உண்டு, அதில் நாட்டமே இல்லாதவர்களும் உண்டு. அவர் எந்த ரகம் என்று அவரிடமே கேட்டால்தான் தெரியும்.

உங்கள் அறையை ஒருமுறை அவர் மூக்கோடும் காதோடும் நினைத்துப் பாருங்கள். தலை நிறைய மல்லிகை, சாம்பிராணி, கஞ்சி மொடமொடக்கும் புதுவேட்டி, ‘கடக் கடக்’ என்று சுற்றும் ஃபேன், கதவுக்கு அந்தப் பக்கம் அத்தையின் இருமல். இத்தனையும் ஒரே நேரத்தில் மேலே விழும்போது உடம்பு விறைக்கத்தான் செய்யும். பூவைக் கூடத்திலேயே எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். ஃபேனுக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள். இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். ஒரு தம்பதிக்குப் பவுடரை மாற்றியதே பெரிய மாற்றமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பேச்சு. தஞ்சாவூர்ப் பக்கம் நாம் எதையும் ஜாடையாகச் சொல்லியே பழகியவர்கள். பால் சொம்பைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் ஒரு அர்த்தம், முகத்தைத் திருப்பிப் படுத்தால் ஒரு அர்த்தம். உங்கள் கணவருக்குச் சொம்பு சத்தம் வெறும் சொம்பு சத்தம், நீங்கள் திரும்பிப் படுத்தால் தூக்கம் வந்துவிட்டது. இதை அவருடைய குறை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். டேமியன் மில்டன் என்ற ஆராய்ச்சியாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012இல் இதைத் தெளிவாகச் சொன்னார்: அவர்களுக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் புரிவதில்லை. ஆகவே வாய்விட்டுச் சொல்லுங்கள். நேரில் கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், ஒரே வீட்டில் இருந்தாலும் சரி. எங்கே தொட்டால் பிடிக்கும், எங்கே கூடாது, இன்று வேண்டுமா வேண்டாமா என்று இருவரும் எழுதிக்கொள்ளலாம். உங்கள் ‘வேண்டாம்’களும் அதில் இருக்க வேண்டும், அவரை அனுசரிப்பது மட்டும் உங்கள் வேலை இல்லை.

முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டால் பலருக்குப் பதற்றம் குறைகிறது. நாள் பார்த்தா இதெல்லாம் என்று சிரிக்காதீர்கள், சாந்தி முகூர்த்தத்துக்கு நேரம் குறித்த ஊர்தானே நம்முடையது.

மாத்திரையை மறந்துவிடாதீர்கள், எனக்கு முதல் சந்தேகமே அதன்மேல்தான். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் அதே ஹார்மோன் ஆணுக்கு ஏறினால் ஆசை குறையும், ஆணுறுப்பின் விறைப்பும் தடுமாறும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஏறியிருந்தால் அளவைக் குறைக்கலாம், அல்லது புரோலாக்டினை ஏற்றாத அரிபிப்ரசோல் போன்ற மாத்திரைக்கு டாக்டர் மாற்றித் தருவார். நீங்களாக ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.

குழந்தை விஷயம். ஐந்து நாடுகளில் சுமார் 20 லட்சம் குழந்தைகளை வைத்து 2019இல் ஒரு ஆய்வு வந்தது. ஆட்டிசம் யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை என்ற வேறுபாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபணுவால் என்றார்கள். உங்கள் பிள்ளைக்கு 80 சதவீதம் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை, பலர் அப்படிப் படித்துப் பயந்துவிடுகிறார்கள். மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கும் வீட்டிலேயே அடுத்த பிள்ளைக்கு வருவது சுமார் ஐந்தில் ஒன்றுதான். அப்பாவுக்கு இருந்தால் மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல், நிச்சயம் என்று இல்லை. சொந்தத்தில் கட்டியிருப்பதால் ஒன்று செய்யுங்கள்: இரு குடும்பத்தில் எந்தப் பக்கமாவது வலிப்போ அறிவுத்திறன் குறைபாடோ உள்ளவர்கள் இருந்தால், கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். வயிற்றில் இருக்கும்போது ஆட்டிசத்தை ஸ்கேனில் பார்க்க முடியாது. தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் உண்டு என்று கிளப்பிவிட்ட 1998 கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆட்டிசம் உங்களுக்கு இருந்திருந்தால் இதே அத்தை ‘இவளுக்கு எதுக்குக் குழந்தை’ என்றிருக்கலாம். பெண் என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று கேட்கிற வீடுகள் இருக்கின்றன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு, அவரவர் சம்மதமில்லாமல் கருத்தடைக்கு உள்ளாக்கக் கூடாது என்கிறது. ஆட்டிசமும் அந்தச் சட்டத்தில் வருகிறது.

கருத்தரித்தால் வளைகாப்பு முடித்துத் தாய்வீடு போய், குழந்தையோடு மூன்று நான்கு மாதம் கழித்துத் திரும்பும் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். திடீரென்று ஒரு நாள் அழுகிற குழந்தை வீட்டுக்குள் வந்தால் அவர் திணறுவார். வாரம் இரண்டு நாளாவது அவர் வந்து தங்கி, குளிப்பாட்டவும் துணி மாற்றவும் பழகட்டும். காதடைப்பான் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கினால் பாசம் குறைந்துவிடாது.

மலட்டுத்தன்மைக்கான பரிசோதனைகளுக்கு இப்போது ஓடாதீர்கள். உங்கள் வயதில் ஒரு வருடம் ஒழுங்காகச் சேர்ந்திருந்தும் தரிக்காவிட்டால்தான் அந்தப் பேச்சு. உங்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அத்தைக்குப் பதில் சொல்வதை அவரிடமே விடலாம், ஆனால் என்ன சொல்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ‘நாங்க சொல்றப்ப சொல்றோம்மா’, இவ்வளவு போதும். வாக்கியத்தைக் கொடுக்காமல் விட்டீர்களோ, பந்தியில் நாலு பேர் நடுவே ‘மூணு தடவைதான்மா’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்.